ஆர்டிஸ் காவல் காத்த ஜல்லித் தெரு

ஆர்டிஸ் ஹொவ்லாண்ட் இருபத்தேழு வருடம் ஆல்டர்ஃபோர்ட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவளே சொல்லிவிடுவாள். பால் வாங்கப் போன இடத்தில் சொல்வாள், தபால் நிலைய வரிசையில் சொல்வாள், ஒரு தடவை சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஹெம்லாக் தெரு முனையில் மஞ்சள் வண்டி நிற்கும். ஏழு பதின்மூன்றுக்கு ஓடி வருகிற பிள்ளைக்குக் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இன்றைக்கு எங்கள் ஊரில் நாற்பது வயதுக்காரர்கள் எந்தக் கூட்டத்துக்கும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அது அவள் கைங்கரியம்.

பேருந்தை விட்ட பிறகு அவள் தெருவைப் பிடித்துக்கொண்டாள். ஹெம்லாக் தெரு ஜல்லித் தெரு. மரம் அறுக்கும் ஆலை அமோகமாக ஓடிய காலத்தில் ஆலைக்காரர்கள் கொட்டிய ஜல்லி. அதற்கப்புறம் நகராட்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இங்கே மழை அக்டோபரில் ஆரம்பித்தால் மே மாதம் வரை விடாது. ஒவ்வொரு குழியும் ஒரு குளமாகும். ஆர்டிஸின் கணவன் கார்ல் ஒரு பழைய டிராக்டரை வாங்கி, பின்னால் மண் வழிக்கும் இரும்புத் தகட்டை மாட்டி, தானாகவே தெருவைச் சமன் செய்ய ஆரம்பித்தான். கார்ல் போய்ச் சேர்ந்ததும் டிராக்டர் இருக்கையில் ஆர்டிஸ் ஏறினாள். வருடத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்கும் முன் வருகிற சனிக்கிழமையில் தெருவே மண்வெட்டியோடு வெளியே வரும். லாரியில் வந்த ஜல்லியைக் குழிகளில் கொட்டி மிதிப்பார்கள். மத்தியானம் ஆர்டிஸ் வீட்டில் மான்கறி போட்ட பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும். மற்ற நாளில் எல்லாம் அவளும் டிராக்டரும்தான்.

"நகராட்சிக்கு நாம கட்டுற வரி எங்க போகுதுன்னு கேட்டா வாய மூடிக்கிறாங்க. ரோடு போடணும்னா மட்டும் நம்ம பைக்குள்ள கைய விடுறாங்க" என்பாள்.

விஷயம் அதுதான். எங்கள் ஊரில் ஒரு தெருவுக்குத் தார் போட வேண்டுமென்றால் அந்தத் தெருவில் வீடு வைத்திருப்பவர்கள்தான் செலவைப் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். யார் வீடு தெருவை எத்தனை அடி தொட்டுக்கொண்டிருக்கிறதோ அத்தனை அடிக்குப் பங்கு. ஆனால் ஊர் உண்டான காலத்தில் எழுதிய நகர சாசனத்தில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பிடியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். தெருவின் மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் குறித்த நாளுக்குள் கையெழுத்துப் போட்டு ஆட்சேபம் கொடுத்தால், நகர மன்றம் தலைகீழாக நின்றாலும் அந்த வேலையைத் தொட முடியாது. கொடுக்காமல் சும்மா இருந்தால்? சும்மா இருப்பவன் சம்மதித்தவன். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சும்மா இருப்பது என்றால் என்ன என்றே ஆர்டிஸுக்குத் தெரியாது. எண்பத்தொன்பதில் முதல் தடவை நகராட்சி தார் போட வந்தபோது வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, மூட்டை கட்டிக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். எண்ணவே தேவைப்படவில்லை. மேயர் அன்றைக்கு அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்ததாகச் சொல்வாள். அவன் ஊற்றவில்லை, அவளே ஊற்றிக்கொண்டாள் என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டாயிரத்து நான்கில், செப்டம்பர் மாதம், மறுபடியும் நகராட்சியிலிருந்து ஒரு பச்சை உறை வந்தது. தார்ச்சாலை, இரு பக்கமும் நடைபாதை, மழைநீர் வடிகால். ஆர்டிஸின் வீடு தெரு திரும்புகிற வளைவில் இருக்கிறது. அதனால் தெரு அவள் நிலத்தை இரண்டு பக்கம் தொடுகிறது. இருநூற்று இருபது அடி. அவள் பங்கு பதினெட்டாயிரத்து நானூறு டாலர். அவளுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூட ஓய்வூதியம் தவிர வேறு வரும்படி கிடையாது. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் பத்து வருடத் தவணையில் கட்டலாம், அதுவரை வீட்டுப் பத்திரத்தில் நகராட்சி பெயர் ஏறியிருக்கும் என்று உறைக்குள் ஒரு தாள் அன்பாகச் சொன்னது.

அந்தத் தாள்தான் அவளைச் சுட்டது. அவளும் கார்லும் வீட்டுக் கடனை அடைத்து முடித்த அன்று, வங்கிக் காகிதத்தைக் காப்பித்தூள் டப்பாவில் போட்டுக் கொளுத்தி, கொல்லையில் நின்று ஆளுக்கொரு பியர் குடித்தவர்கள். இனி செத்தாலும் இந்த வீட்டின் மேல் எவன் பெயரும் ஏறக் கூடாது என்று கார்ல் சொன்னான். நாலு வருடத்தில் செத்தும் போனான். எழுபத்தெட்டு வயது வரை தவணை கட்டிக்கொண்டு, இடையில் கண்ணை மூடினால் பத்திரத்தில் அடுத்தவன் பெயரோடு போக வேண்டும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாப்பாட்டு மேசையில் தெருப்படத்தை விரித்தாள். கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கு மஞ்சள் வண்ணம், போடாதவருக்குச் சிவப்பு. மூன்று வாரம் நடந்தாள். வீட்டு வாசலில் நின்றுகொண்டு எல்லோருக்கும் ஒரே பாடம்தான்.

"படிக்காம கையெழுத்துப் போடாத, டுவேன். நான் குடுக்குற பேப்பரா இருந்தாலும் படி. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படி."

டுவேன் இரண்டு வீடு தள்ளி இருப்பவன். ஆலை மூடிய பிறகு கூரை போடும் வேலைக்குப் போகிறான். அவனுக்கும் பங்கு எட்டாயிரத்துக்கு மேல். "நீங்க சொன்னா நரகத்துக்குப் போற பேப்பர்லயும் போடுவேன். எங்க போடணும், காட்டுங்க" என்றான்.

"படிடா முதல்ல."

ஒரு வீட்டை மட்டும் அவள் வண்ணம் தீட்டாமல் விட்டிருந்தாள். எதிர்ச்சாரியில் ஹார்லன் க்வைனின் வீடு. ஹார்லன் நாற்பது வருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன், கார்லின் உயிர் நண்பன். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலிதான். மனைவி நோரீன் ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிறாள். அவர்கள் இருக்கிற கஷ்டத்தில் போய் இதைக் கேட்பானேன் என்று ஆர்டிஸ் சொல்லிக்கொண்டாள். கேட்டால் என்ன பதில் வரும் என்கிற பயம் உள்ளே இருந்தது, அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. எப்படியும் அவர்கள் இல்லாமலே கணக்கு வந்துவிட்டது. தெரு மொத்தம் இரண்டாயிரத்து நானூறு அடி. வேண்டியது ஆயிரத்து அறுநூறு. அவள் கையில் ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.

கெடு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. ஆர்டிஸ் வியாழக்கிழமை மத்தியானமே போய் நின்றாள். நகராட்சியில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிற லியோட்டா, ஆறு வயதில் ஆர்டிஸின் பேருந்தில் ஏறி அழுதவள். இன்றும் ஆர்டிஸைக் கண்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்து, அந்தந்த வீட்டுப் பத்திர நகலோடு ஒத்துப் பார்த்து, முத்திரை குத்திக்கொண்டே வந்தாள். ஆர்டிஸின் காகிதம் வந்ததும் கை நின்றது.

"மிஸஸ் ஹொவ்லாண்ட், கொஞ்சம் உக்காருங்க."

"ஏன், நின்னா என்ன? எனக்குக் காலு இருக்கு."

"இல்ல... உங்க ஆட்சேபத்த நான் எடுத்துக்க முடியாது. நீங்க ஏற்கனவே விட்டுக் குடுத்துட்டீங்க."

"நானா? எத விட்டுக் குடுத்தேன்? நான் என் வாழ்க்கைல ஒரு வாக்குவாதத்தக்கூட விட்டுக் குடுத்ததில்ல."

லியோட்டா பத்திரக் கட்டிலிருந்து ஒரு தாளைத் திருப்பி வைத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, மார்ச். கொல்லையில் டிராக்டர் கொட்டகை கட்ட கார்ல் அனுமதி கேட்டிருக்கிறான். நகராட்சி அனுமதி கொடுக்கும்போது பதிலுக்கு ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறது: பின்னால் எப்போது இந்தத் தெருவுக்குச் சாலை போட்டாலும், இந்த வீட்டின் சொந்தக்காரர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள். கீழே கார்லின் கோழிக் கிறுக்கல். அதற்குக் கீழே, பேருந்து வருகைப் பதிவேட்டில் போடுவதுபோலத் தெளிவாக, ஆர்டிஸ் எம். ஹொவ்லாண்ட்.

அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஆறே முக்கால் மணி, தூறல். கார்ல் தன் வண்டியின் முன்மூடி மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு, "கொட்டகைக்காம், இங்க ஒண்ணு போடு" என்றான். "என்னது இது?" என்று கேட்டாள். "படிக்கிறதா இருந்தா படி, ஆனா மணி பாரு" என்றான். அவள் மணியைப் பார்த்தாள். போட்டுவிட்டு ஓடினாள். அன்றும் ஏழு பன்னிரண்டுக்கு வண்டி முனையில் நின்றது.

"எண்பத்தொன்பதுல எடுத்துக்கிட்டீங்களே?"

"அப்ப எல்லாருமே போட்டிருந்தாங்க, யாரும் பத்திரத்தப் பாக்கல. இப்ப எண்ணிப் பாக்க வேண்டியிருக்கு." லியோட்டாவின் குரல் இறங்கியது. "எனக்கு இதச் சொல்ல ஆசையா என்ன?"

"உன் மேல என்ன தப்பு? நீ நேரா உக்காரு" என்றாள் ஆர்டிஸ்.

இருநூற்று இருபது கழிந்தால் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. நூற்றுப் பத்து அடி குறைகிறது. படத்தில் வண்ணம் தீட்டாமல் இருக்கிற வீடு ஒன்றே ஒன்று. க்வைன் வீடு, நூற்று இருபது அடி. அது வந்தால் பத்து அடி மிச்சத்தில் ஜெயிக்கலாம்.

வண்டியில் உட்கார்ந்து கார்லை வாய்க்கு வந்தபடி திட்டினாள். செத்தவனைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், அவன் திருப்பிப் பேச மாட்டான். கொஞ்ச நேரத்தில் அந்த மௌனமே எரிச்சலைக் கிளப்பியதால் நிறுத்தினாள். கையெழுத்து அவளுடையது. ஊருக்கெல்லாம் படி படி என்று பாடம் எடுத்தவள், தான் ஒரு தடவை படித்திருக்கலாம்.

க்வைன் வீட்டில் நோரீன் கதவைத் திறந்தாள். சமையலறையில் சீமைச் சுரைக்காய் ரொட்டி வெந்துகொண்டிருந்தது; எங்கள் ஊரில் செப்டம்பரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே வாசனைதான். ஹார்லன் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தான்.

"வா வா. என்னடா இன்னும் நம்ம வீட்டுக்கு ஆள் வரலியேன்னு பாத்தேன். ஊரெல்லாம் ஓட்டுக் கேக்குற, எனக்கென்ன ஓட்டில்லையா?"

"உனக்கெதுக்கு இந்தத் தொல்லைன்னு விட்டேன்."

"தொல்லையா? ரெண்டு வருஷமா எனக்குத் தொல்லை குடுக்க ஆளில்லாம கெடக்கேன்."

ஆர்டிஸ் நடந்ததைச் சொன்னாள். கொட்டகை, கையெழுத்து, நூற்றுப் பத்து அடி, எல்லாம். ஹார்லன் ஒரு பக்க வாயால் சிரித்தான். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தான்.

"கார்ல் பண்ற வேலைதான் இது. போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் உன்னோட மல்லுக்கு நிக்கிறான் பாரு. குடு பேப்பர."

"ஹார்லன், படி."

"என்னத்தப் படிக்கிறது? என் நாற்காலிக்காக இந்தத் தெருவே கடன் வாங்கிக் கட்டணுமா? டுவேன் மூணு பிள்ளைய வெச்சுக்கிட்டு எனக்குத் தார் போடணுமா? அப்படி ஒரு பொழப்பு எனக்கு வேணாம்." வலது கையால் போட்டான். பேனாவை மனைவி பக்கம் நீட்டினான். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. நோரீனும் போட்டால்தான் செல்லும்.

நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தை எடுத்தாள். படித்தாள். ஆர்டிஸ் வாங்கிய அத்தனை கையெழுத்துகளில், முதலிலிருந்து கடைசி வரை நிஜமாகவே படித்தது அவள் ஒருத்திதான்.

"வேணாம்னா சொல்லு, நோரீன்."

"இவரு படுத்தப்ப ஆறு வாரம் என்னைத் தெனமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன. போக வர நூத்தி இருபது மைல். பெட்ரோலுக்குக்கூட ஒரு டாலர் வாங்கல. நான் எந்த வாயால வேணாம்னு சொல்லுவேன்?" என்று சொல்லிப் போட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஆர்டிஸுக்குப் பதில் சொல்லத் தெரியும்.

ரொட்டி ஆறட்டும், ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போ என்று உட்கார வைத்தாள் நோரீன். பேச்சை மாற்ற வேண்டும் என்று ஆர்டிஸ், "இன்னைக்குக் காலைலகூட உங்க வாசல்ல ரெண்டு தரம் ஓட்டினேன். கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர்கள் வாசலிலிருந்து முனை வரைக்கும் தனியாக ஒரு தடவை டிராக்டர் ஓட்டுவது அவள் வழக்கம். ஹார்லனுக்காகத்தான். யாரும் கேட்கவில்லை, அவளாகச் செய்வது.

நோரீன் ஹார்லனைப் பார்த்தாள். ஹார்லன் ஜன்னலைப் பார்த்தான்.

"என்ன?" என்றாள் ஆர்டிஸ்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு" என்றாள் நோரீன்.

"நோரீன்."

"நீ ஓட்டினதும் ஜல்லி இளகிருது, ஆர்டிஸ். பாக்க அழகா இருக்கு. ஆனா சக்கரம் உள்ள எறங்கிருது. மறுபடி இறுகுறதுக்கு மூணு நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் நாங்க வெளிய வர்றதில்ல. அவ்வளவுதான்."

வியாழன். வெள்ளி, சனி, ஞாயிறு. ஆர்டிஸ் மனதுக்குள் விரல் மடக்கினாள். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர்கள் இடத்தில் தன் கோட்டைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறாள். ஹார்லனுக்கு நாலு பேர் முன்னால் வர வெட்கம் என்று பாதிரியாரிடம் அவளே காரணமும் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்த மழைல தொப்பி மேல பிளாஸ்டிக் பையக் கட்டிக்கிட்டு நீ எங்களுக்காக ஓட்டுற. ஜன்னல்ல நின்னு பாத்தா எனக்கு அழுகை வரும்."

"அப்ப இனிமே ஓட்டாம விட்டுடறேன்."

"விட்டா குழி ஆயிரும். குழில ஒரு தடவ விழுந்தாரு, போன வருஷம். உன்கிட்ட சொல்லல. முன்னாடி தள்ளிக்கிட்டுப் போனா சின்ன சக்கரம் ஜல்லில குத்திக்கும், ஆளத் தூக்கி முன்னால போட்டுரும். அதான் எப்பவும் திருப்பிப் பின்பக்கமா இழுத்துக்கிட்டுப் போறேன்."

ஆர்டிஸ் அதைப் பார்த்திருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள், நோரீன் குனிந்து நாற்காலியைப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போவாள். ஹார்லன் கடந்துபோகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ராணுவ அதிகாரி மாதிரி சல்யூட் வைத்துக்கொண்டே போவான். ஊர்வலம் போகிறான் பார் கிறுக்கன் என்று அவளும் தன் வாசலிலிருந்து சல்யூட் வைப்பாள். அவனுடைய குறும்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நாப்பது வருஷம் அந்த மலை ரோட்டுல லாரி ஓட்டினவன்" என்றான் ஹார்லன், ஜன்னல் பக்கமே பார்த்தபடி. "இப்ப கடைசில ரிவர்ஸ் கியர் மட்டும்தான் மிச்சம். எங்க போறேன்னே தெரியாது. போன எடம் மட்டும் நல்லாத் தெரியும்." பிறகு அவனே, "ஏய், மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? பேப்பரக் கொண்டு போய்க் குடு. நாளைக்கு அஞ்சு மணி, இல்ல?" என்றான்.

ரொட்டித் துண்டை ஈயத்தாளில் சுற்றி, காகிதத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு ஆர்டிஸ் வெளியே வந்தாள். காலையில் தான் இழுத்த தெரு கோடு கோடாக அழகாக இருந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளினாள். ஜல்லி கணுக்கால் வரைக்கும் விலகியது. டிராக்டர் இருக்கையின் உயரத்திலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

மறுநாள் நாலரை மணிக்கே நகராட்சி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டாள். காகிதம் கண்ணாடிக்கு மேலே, வெயில் மறைப்பில் செருகியிருந்தது. அவள் மனம் என்ன பாடு பட்டது என்று சொல்லாமல் போனால் இந்தக் கதையைச் சொன்னதில் அர்த்தம் இல்லை. பதினெட்டாயிரம் அவளுக்கு வலித்தது. பத்திரத்தில் ஏறப் போகிற பெயர் அதைவிட வலித்தது. எல்லாவற்றையும்விட, டுவேன் வலித்தான். நரகத்துக்குப் போகிற காகிதத்திலும் போடுவேன் என்று நம்பிக் கொடுத்தவன். தன் பணத்தை விடுவது அவள் இஷ்டம். டுவேனின் எட்டாயிரத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? இந்தக் காகிதமும் அவளுடையது இல்லை. ஹார்லனுடையது. கொண்டுபோய்க் கொடு என்று சொல்லி, மனமொத்துக் கொடுத்தது.

மனமொத்தா? ஹார்லன் சரி. நோரீன் பெட்ரோலுக்குப் பதிலாகக் கொடுத்தாள்.

நாலு ஐம்பதுக்கு லியோட்டா கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். நாலு ஐம்பத்தைந்துக்கு வெளியிலேயே வந்து, வண்டி ஜன்னலில் குனிந்தாள்.

"மிஸஸ் ஹொவ்லாண்ட், அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. வேற ஏதாவது பேப்பர் இருக்கா?"

"மணி பாக்க எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

"இல்ல, சும்மா..."

"உள்ள போ, லியோட்டா. உன் சீட்ல உக்காரு."

லியோட்டா போனாள். தீயணைப்பு நிலையத்தின் ஐந்து மணிச் சங்கு ஊதியது. ஆர்டிஸ் அது முழுக்க ஊதி ஓயும் வரை இருந்தாள். பிறகு ஈயத்தாளைப் பிரித்து, நேற்றைய ரொட்டியைத் தின்று முடித்து, வண்டியைக் கிளப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சும்மா இருந்தாள், சாசனம் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டது.

தெருவுக்குச் சேதி கொட்டகை என்றுதான் போனது. ஆர்டிஸின் கையெழுத்து செல்லாமல் போனதால் தோற்றோம். அது பொய் இல்லை, முழுசும் இல்லை. கூடுதலாக அவள் ஒன்றும் சொல்லவில்லை. டுவேன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தாமல், "போங்க, எல்லாரையும் படிக்கச் சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று மாதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வீட்டுக் குப்பைத் தொட்டியை அவள்தான் முனைக்கு இழுத்துப் போய் வைத்தாள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் எனக்கும் அறுபது அடி உண்டு, இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறு வருடம் ஜூலையில் வேலை முடிந்தது. சூட்டுத் தார் வாசனை இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆர்டிஸ் சர்ச்சுக்குக் கிளம்பி வாசலில் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது நடைபாதையில் ஹார்லன் வந்தான். முகம் முன்னால் வந்தது. கால் முன்னால் வந்தது. நோரீன் பின்னால் நிமிர்ந்து நடந்தாள். அவள் இவ்வளவு உயரமா என்று ஆர்டிஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹார்லன் சல்யூட் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்துக்கொண்டு, லாரியில் வருகிறவன் மாதிரி, அவள் வாசலில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான்.

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளு."

"லியோட்டாவ வங்கில பாத்தேன். பத்து அடில ஜெயிச்சிருக்கலாம்னு சொன்னா. எங்க பேப்பர் வந்து சேரலையாமே?"

நோரீன் சட்டென்று தன் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"ஆமா" என்றாள் ஆர்டிஸ். "போற வழில கொஞ்சம் லேட் ஆயிருச்சு."

ஹார்லன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு பக்க வாய் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

"இருபத்தேழு வருஷம்" என்றான். "என் நாலு பிள்ளைங்களையும் நீதான் ஏத்திட்டுப் போன. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ லேட்டா வந்து நான் பாத்ததில்ல."